அணை உடைந்தால் லயத்துக்குத் தண்ணீர் வர எவ்வளவு நேரம்?

(மேல் டிவிசன் வாசிகசாலையில் எங்கள் நலன்புரிக் குழு பேசிய பேச்சின் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற நேரத்தில் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறோம். கோபிக்க வேண்டாம். இந்தக் கூட்டத்துக்குக் காரணம் உங்களில் ஒருவர் கேட்ட கேள்விதான். போன மழைக் காலத்தில் நாங்கள் ஆற்றோரத்து லயத்துக்கு வந்திருந்தபோது, கைப்பிள்ளையோடு நின்ற ஒரு அம்மா கேட்டார்: "ஏன் தம்பி, மேல இருக்கிற கொளம் ஒடைஞ்சா எங்க காம்பராவுக்குத் தண்ணி வர எவ்வளவு நேரமாகும்? பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு றோட்டுக்கு ஏற நேரம் இருக்குமா?"

எங்களிடம் பதில் இல்லை. "அதெல்லாம் ஒடையாதுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். வரும் வழியெல்லாம் அது எங்களுக்கே சரியாகப் படவில்லை. அவர் கேட்டது உடையுமா என்று அல்ல, உடைந்தால் எவ்வளவு நேரம் என்றுதான். பிறகு புத்தகங்களைப் பார்த்தோம், நீர்ப்பாசனம் படித்தவர்களிடம் கேட்டோம், கணக்கும் போட்டோம். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறோம்.

முதலில் நம் நாட்டிலேயே நடந்ததைச் சொல்ல வேண்டும். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி, விடியற்காலை மூன்று மணியளவில், திருகோணமலை மாவட்டத்தில் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்தது. ராஜாக்கள் காலத்துக் குளம், ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. அணையின் உயரம் ஐம்பது அடிக்கு மேல். ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. 120 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான வீடுகளும் வயல்களும் போயின. காரணம் பல விதமாகச் சொன்னார்கள். அணைக்கு மேலே பாரமான வாகனங்கள் ஓடியதும் அதில் ஒன்று. குளம் பழையதா புதியதா என்று தண்ணீர் பார்ப்பதில்லை. மண் அணையில் ஒரு பலவீனம் கிடைத்தால் போதும்.

சரி, அணை சட்டென்று இல்லாமல் போனால் தண்ணீர் என்ன செய்யும்? எல்லாத் தண்ணீரும் ஒரே சுவராக எழுந்து அப்படியே ஓடி வரும் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அது சரியில்லை.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் வரிசையாக நிற்கிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். தராசு கிட்ட நிற்பவர் நகர்ந்த பிறகுதான் இரண்டாவது ஆள் நகர முடியும். அவர் நகர்ந்த பிறகு மூன்றாவது ஆள். கடைசியில் நிற்கிற அம்மாவுக்கு, முன்னால் வரிசை நகர்ந்த விஷயம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியும். குளத்துத் தண்ணீரும் அப்படித்தான். அணைக்குப் பக்கத்தில் இருக்கிற தண்ணீர் முதலில் ஓடும். அதற்குப் பின்னால் இருப்பது பிறகு இறங்கும். ஆகவே இரண்டு அலைகள் புறப்படுகின்றன. ஒன்று பள்ளத்தாக்கில் கீழ்நோக்கி ஓடுகிறது, அதை நாம் பார்க்கிறோம். மற்றது குளத்துக்குள்ளே மேல்நோக்கிப் போகிறது. "அணை இல்லை, இறங்கு" என்று பின்னால் உள்ள தண்ணீருக்குச் செய்தி சொல்லிக்கொண்டு போவது போல.

இதை 1892இல் ரிட்டர் என்கிற ஜெர்மன்காரர் கணக்காகவே எழுதிவிட்டார். கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலம். காய்ந்த, மட்டமான, உரசல் இல்லாத கான் ஒன்றில், செங்குத்தான தடுப்பை ஒரே நொடியில் எடுத்தால் என்ன நடக்கும் என்பதுதான் அவர் கணக்கு. விடை அழகானது. தடுப்பு இருந்த இடத்தில் தண்ணீரின் ஆழம், முன்பு இருந்ததில் ஒன்பதில் நான்கு பங்காக இறங்கி அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கும். ஒன்பது அடித் தண்ணீர் என்றால் நான்கு அடி. முப்பத்தாறு அடி என்றால் பதினாறு அடி.

வேகத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. ஓ.எல். படிக்கிற பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆழத்தை அடிக்கணக்கில் எடுத்து 32ஆல் பெருக்கி வர்க்கமூலம் பாருங்கள். அதை இரண்டால் பெருக்கினால், தண்ணீரின் முனை ஒரு செக்கனில் எத்தனை அடி ஓடும் என்று வரும். ஒன்பது அடி ஆழத்துக்குச் செக்கனுக்கு 34 அடி. மணிக்கு 23 மைல். முப்பத்தாறு அடி ஆழத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு, மணிக்கு 46 மைல். ஆழம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கு. நம் றோட்டில் பஸ் கூட அந்த வேகத்தில் போகாது.

உண்மையான ஆற்றில் இந்த வேகம் நிற்காது. கல், மரவேர், வளைவு எல்லாம் பிடித்து இழுக்கும். சரிவு மட்டும் வேகத்தைக் கூட்டும். இதைச் சொல்லிப் புரியவைக்கிறது கஷ்டம் என்று, பிள்ளைகளோடு சேர்ந்து பதினாறு அடி நீளத்தில் பலகைத் தொட்டி ஒன்று செய்தோம். தச்சு வேலை தெரிந்த அண்ணன் ஒருவர் தார் பூசிக் கொடுத்தார். (முதல் நாள் ஒழுகியது. அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை.) ஆறு அடியில் ஒரு பலகையைத் தடுப்பாக வைத்து, பின்னால் ஒன்பது அங்குலம் தண்ணீர் நிரப்பி, பலகையைச் சட்டென்று மேலே உருவினோம்.

முதல் தரம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "சளார்" என்றது, முடிந்தது. பார்த்தது பிள்ளைகளின் நனைந்த கால்களைத்தான். நாலைந்து தரம் செய்த பிறகுதான் கண் பழகியது. அடிமட்டம் பிடித்திருந்த பையன், தடுப்பு இருந்த இடத்தில் "நாலு, நாலரை அங்குலம்" என்று கத்தினான். புத்தகத்துக் கணக்கு நாலு! அடுத்து, கீழ்ப் பக்கத்தில் முன்கூட்டியே ஒரு அங்குலம் தண்ணீர் விட்டுவிட்டுச் செய்தோம். இப்போது முனை மெல்லிய நாக்கு மாதிரி வரவில்லை. படிக்கட்டு மாதிரி நிமிர்ந்து நின்று வந்தது. ஆற்றில் ஏற்கெனவே தண்ணீர் ஓடும்போது அணை உடைந்தால் முன்னால் ஒரு சுவர் வருகிறது என்று தப்பிப் பிழைத்தவர்கள் சொல்வது இதனால்தான். மூன்றாவதாகக் கூழாங்கற்களைப் பரப்பினோம். முனை மெதுவானது, ஆனால் அதற்குப் பின்னால் தண்ணீர் உயர்ந்தது. கடைசியாக, நடுவில் இரண்டு செங்கல் வைத்து, இடைவெளியில் பிளாஸ்டிக் பையைச் செருகினோம். போக்கு அடைத்த பாலம் மாதிரி. தண்ணீர் அங்கே நின்றது, ஏறியது, பிறகு பையையும் ஒரு செங்கல்லையும் தள்ளிக்கொண்டு மறுபடியும் புதிதாக உடைந்தது.

இந்தக் கடைசி விஷயம் விளையாட்டு இல்லை. 1889 மே 31ஆம் திகதி அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் போர்க் என்கிற மண் அணை கடும் மழையில் உடைந்தது. பதினான்கு மைல் கீழே ஜோன்ஸ்டவுன் நகரம். வழியில் உயரமான கல் ரயில் பாலம் ஒன்றில் மரமும் குப்பையும் அடைத்துத் தண்ணீர் சில நிமிஷம் நின்றது. பாலம் விழுந்ததும் மறுபடியும் பாய்ந்தது. அணை உடைந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் நகரத்தில். 2,209 பேர் இறந்தார்கள். அந்த அணை பணக்காரர்களின் மீன்பிடிக் கிளப்புக்குச் சொந்தம். மீன் தப்பிப் போகாமல் இருக்க வான் பாயும் வாய்க்காலில் கம்பி வலை அடித்திருந்தார்கள். மழையன்று அதில் குப்பை அடைத்தது. அணையில் ஆபத்து என்று தந்தி அனுப்பினார்கள். ஆனால் அந்த ஊரில் பல தரம் "உடையப் போகுது" என்று சொல்லி உடையாமல் இருந்ததால், அன்றைக்கும் யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

இனி இஞ்சினியர்மார் எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள் என்று கொஞ்சம். ஆற்றைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிப்பார்கள். கங்காணி மலையை நிரை நிரையாகப் பிரித்துக் கொடுக்கிற மாதிரி. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு செக்றோல். இந்தச் சில செக்கனில் மேலிருந்து வந்த தண்ணீர் எவ்வளவு, கீழே போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. அதோடு இரண்டாவது கணக்கு ஒன்றும் உண்டு: தண்ணீரின் தள்ளும் பலம். சரிவு அதைக் கூட்டும், உரசல் அதைக் குறைக்கும், பக்கத்துத் துண்டின் ஆழம் அதைத் தள்ளும். 1871இல் பிரெஞ்சுக்காரர் சான்-வெனான் எழுதிய இரண்டு சமன்பாடுகள் இவைதான். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஓடுவதும் அதன் வழிவந்ததே.

இந்தச் செக்றோலை எப்படி வேண்டுமானாலும் எழுத முடியாது. ஒரு துண்டு நூறு மீற்றர், அலை செக்கனுக்கு இருபது மீற்றர் ஓடுகிறது என்றால், அது துண்டைக் கடக்க ஐந்து செக்கன். ஐந்து செக்கனுக்குள் ஒரு தரம் கணக்கை எழுதியாக வேண்டும். சோம்பலில் பத்துச் செக்கனுக்கு ஒரு தரம் எழுதினால், அலை ஒரு துண்டைத் தாண்டி ஓடிவிடும், கணக்கு கிறுக்குப் பிடித்து "தண்ணீர் சைபருக்குக் கீழே" என்று கூடச் சொல்லும். இந்த விதியை மூன்று கணித மேதைகள் 1928இல் எழுதினார்கள். இன்னொரு சிக்கல், முன்னால் வரும் அந்தப் படிக்கட்டு. அதைச் சாதாரணக் கணக்கு கலங்கலாக்கிவிடும். 1959இல் கொதுனோவ் என்கிற ரஷ்யர், காற்றோட்டத்துக்காக ஒரு வழி கண்டுபிடித்தார். அதைத் தண்ணீருக்கு எடுத்துக்கொண்டார்கள். இரண்டு துண்டுகளுக்கு நடுவில் இருக்கிற ஒவ்வொரு எல்லையையும், அந்த நொடியில் உடைந்த ஒரு குட்டி அணை மாதிரி நினைத்துக் கணக்குப் பார்ப்பது. ஆயிரம் எல்லை இருந்தால் ஆயிரம் குட்டி அணை, ஒவ்வொரு செக்கனும் புதிதாக உடைகிறது! எங்களுக்கு இது மிகவும் பிடித்த இடம்.

கணக்கு சரியா என்று எப்படித் தெரியும்? நிஜ அணை ஒன்று உடைந்து, நேரமும் பதிவாகியிருக்க வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது, துக்கமானது. 1959 டிசம்பர் 2ஆம் திகதி இரவு 9.13க்குப் பிரான்சில் மல்பாசே அணை உடைந்தது. அறுபது மீற்றருக்கும் மேல் உயரமான மெல்லிய கொங்கிறீட் வளைவு அணை. மண் அணை மாதிரி மெல்ல அரிக்கவில்லை, ஒரே அடியாகப் போனது. இருபது நிமிஷத்தில் தண்ணீர் பிரேஜு நகரத்துக்கு வந்துவிட்டது. 423 பேர் இறந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் மூன்று மின்சார ட்ரான்ஸ்போமர்கள் இருந்தன. அலை அடித்ததும் ஒவ்வொன்றாக நின்றன. உடைந்த நேரத்திலிருந்து 100 செக்கன், 1,240 செக்கன், 1,420 செக்கன் என்று கணக்கு வந்தது. பிறகு பொலிசார் இரு கரையிலும் தண்ணீர் ஏறிய அடையாளங்களை அளந்து வைத்தார்கள். உலகத்தில் யார் புதிய கணக்கு முறை கண்டுபிடித்தாலும், அந்த மூன்று நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கரன்ட் போன நேரம்தான் சாட்சி.

கணக்குக்குத் தெரியாததும் உண்டு. மண் அணை எவ்வளவு நேரத்தில், எவ்வளவு அகலத்துக்கு உடையும் என்பதை முன்கூட்டிச் சொல்வது மிகக் கஷ்டம். அமெரிக்காவில் டீட்டன் அணை 1976 ஜூன் 5ஆம் திகதி உடைந்தது. முந்நூறு அடி உயர மண் அணை. காலை ஏழு மணிக்குப் பிறகு ஒழுக்குக் கண்டார்கள். பகல் 11.57க்கு அணையின் உச்சி விழுந்தது. இடையில் நாலைந்து மணித்தியாலம். பகல் நேரம், சொல்லி அனுப்பினார்கள், ஆட்கள் ஓடினார்கள். மல்பாசேயை விடப் பல மடங்கு தண்ணீர், ஆனால் இறந்தவர்கள் 11 பேர். கந்தளாயையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று நடுச்சாமம், ஒன்று பகல்.

இப்போது நம் இடத்துக்கு வருவோம்.

மேல் டிவிசன் குளம், அணைக்கட்டுக் கிட்ட நிரம்பினால் பதினாறு அடி. கணக்குப் பிள்ளைகள் போட்டுப் பாருங்கள்: 32 தரம் 16, வர்க்கமூலம் 22க்குக் கொஞ்சம் மேல், இரண்டு மடங்கு 45. செக்கனுக்கு 45 அடி. ஆற்றோரத்து லயம் அரை மைல் கீழே. உரசலே இல்லாவிட்டால் ஒரு நிமிஷம். கல்லும் செடியும் வேகத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்தது என்று வைத்தாலும் மூன்று நிமிஷம். இது நாங்கள் கையால் போட்ட கணக்கு. இஞ்சினியர் அளந்து போட்டால் கொஞ்சம் கூடும் குறையும். பத்து நிமிஷம் ஆகாது.

போன வாரம், கடைசிக் காம்பராவிலிருந்து ஒரு அம்மாயி, மகள், இரண்டு பிள்ளைகள் றோட்டுக்கு ஏறினார்கள். நாங்கள் கடிகாரம் பார்த்தோம். பகல் வெளிச்சம், மழை இல்லை, படி காய்ந்திருந்தது. ஆறு நிமிஷம். பிள்ளைக்காம்பரா இன்னும் கீழே இருக்கிறது. அங்கே இரண்டு ஆயாமார், ஒன்பது கைப்பிள்ளைகள். ஆளுக்கு இரண்டு பிள்ளையைத் தூக்கினாலும் எத்தனை நடை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆகவே அந்த அம்மாவுக்கு எங்கள் பதில் இதுதான்: உடைந்த பிறகு சத்தம் கேட்டு ஓடினால் நேரம் இல்லை அக்கா. அன்றைக்கு நாங்கள் சொன்ன பதில் பொறுப்பில்லாத பதில். உடைவதற்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டும். மண் அணை பெரும்பாலும் முன்கூட்டியே ஏதாவது காட்டும்.

என்ன காட்டும்? அணையின் கீழ்ப் பக்கத்தில் ஈரம் இருப்பது புதிதல்ல, பல குளத்தில் உண்டு. ஒழுகிற தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கலா என்று பாருங்கள். கண்ணாடிக் கிளாசில் பிடித்து வெளிச்சத்தில் காட்டுங்கள். கலங்கலாக இருந்தால் அது அணையின் மண்ணை உள்ளிருந்து எடுத்துக்கொண்டு வருகிறது. நேற்றை விட இன்று கூடுதலாக ஒழுகினாலும் அதே. அணை மேலே புதிய வெடிப்பு, குழி, சரிந்த புல், பெரிய மரத்தின் வேர், எலி நரி தோண்டின பொந்து எல்லாமே கெட்ட அடையாளம். வான் பாயும் வாய்க்காலில் குப்பை, விழுந்த மரம், மீன் பிடிக்கிறவர்கள் வைத்த தட்டி எதுவும் இருக்கக் கூடாது. ஜோன்ஸ்டவுன்காரரின் மீன் வலையை மறக்க வேண்டாம். நமது வான் வாய்க்காலில் போன மாதம் நாங்களே ஒரு தட்டியைப் பார்த்தோம். யார் வைத்தது என்று இங்கே கேட்கப் போவதில்லை. எடுத்துவிட்டால் போதும்.

இன்னொன்று, குளமே இல்லாத இடத்திலும் வரும். கடும் மழை கொட்டுகிறது, ஆனால் ஆற்றில் தண்ணீர் திடீரென்று குறைகிறது, சேறாக வருகிறது. சின்னப் பிள்ளைகள் "மீன் பிடிக்கலாம்" என்று இறங்குவார்கள். இறங்க விடாதீர்கள்! மேலே எங்கோ மண் சரிந்து ஆற்றை அடைத்திருக்கிறது. அது யாரும் கட்டாத அணை, வானும் இல்லை மதகும் இல்லை. நிரம்பினதும் உடையும். ஆறு வற்றினால் மேலே ஏறுங்கள், பிறகு 117க்கு அழையுங்கள். அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம்.

பெரிய நீர்த்தேக்கங்களைப் பற்றிச் சில பேர் பயத்தோடு கேட்டார்கள். காசல்ரீயும் மவுசாகலையும் கொங்கிறீட் அணைகள், கொத்மலை பாறை நிரப்பிய அணை. அவற்றைப் பார்க்க இஞ்சினியர்களும் அளவுக் கருவிகளும் உண்டு. நம் சின்னக் குளத்துக்கு அப்படி யாரும் இல்லை, அதனால்தான் இவ்வளவு பேசுகிறோம். வான்கதவு திறக்கும்போது சைரன் ஊதினால் அணை உடைந்தது என்று அர்த்தமில்லை. ஆற்றங்கரையில் நிற்பவர்கள் கரையேற வேண்டும், அவ்வளவுதான். மஸ்கெலியாப் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும், வறட்சியில் மவுசாகலையில் தண்ணீர் வடிந்தால் பழைய ஊரின் கோயில் தலை தூக்கும். தண்ணீர் ஒரு ஊரை மூடுவது என்றால் என்ன என்று அதைப் பார்த்தவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

சரி, ஒருவர் கலங்கல் தண்ணீரைப் பார்த்துவிட்டார், இரவு ஒரு மணி. என்ன செய்வது? 1928 மார்ச்சில் கலிபோர்னியாவில் சென் பிரான்சிஸ் அணை நடுச்சாமத்துக்குச் சற்று முன் உடைந்தது. தண்ணீர் 54 மைல் ஓடிக் கடலில் சேர ஐந்தரை மணித்தியாலம் ஆனது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு நேரமே இல்லை, நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். தூரத்தில் இருந்த சாண்டா பவுலா ஊருக்குத் தண்ணீர் வர ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் இருந்தது. ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்த பெண்கள் இடத்தை விட்டுப் போகாமல் ஒவ்வொரு வீடாக அழைத்தார்கள். இரண்டு பொலிஸ்காரர் மோட்டார் சைக்கிளில் தெருத் தெருவாக ஓடினார்கள். எல்லா வீட்டையும் தட்ட நேரமில்லை. ஆகவே இரண்டு வீட்டைத் தாண்டி ஒரு வீட்டைத் தட்டி, "பக்கத்து வீட்டாரை நீங்கள் எழுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார்கள்.

லயத்துக்கு இது இன்னும் சுலபம், சுவருக்குச் சுவர் ஒட்டித்தானே இருக்கிறோம். மூன்றாவது காம்பராவைத் தட்டினால் இரண்டு பக்கமும் அவர்கள் தட்டலாம். ரெலிபோன் எல்லார் கையிலும் இருக்கிறது, ஆனால் மழையில் சிக்னல் போகும், சார்ஜும் இருக்காது. அந்தக் காலத்தில் பிரட்டுக்கு எழுப்பத் தப்பு அடித்தார்களே, அந்தத் தப்பு இப்போது கோயிலில் சும்மாதான் தொங்குகிறது. திருவிழாவுக்கு அடிக்காத ஒரு அடியை வெள்ளத்துக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பெரியவர் சொன்னார். எங்களுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. ஒரு தரம் பொய்யாக அடித்துவிட்டால் மறுதரம் யாரும் எழும்ப மாட்டார்கள், அதனால் யார் அடிக்கலாம் என்று முதலிலேயே பேசி வைக்க வேண்டும். ஆனால் தெரியாமல் அடித்துவிட்டார் என்று யாரையும் ஏசவும் கூடாது. ஏசினால் அடுத்த தரம் கண்டும் பேசாமல் போவார்கள்.

பிள்ளைக்காம்பராவை றோட்டோரத்துக்கு மாற்றித் தரும்படி தலைவர்மாரும் தாய்மாரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கையும், ஆறு நிமிஷம் என்ற நேரத்தையும் அதில் சேர்த்திருக்கிறோம். வாசலில் மேசை மேல் இருக்கிறது, போகும்போது வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்துத் தெரியாதவர்கள் பெருவிரல் வைக்கலாம், மை இருக்கிறது.

வருகிற ஞாயிறு மாலை இருட்டின பிறகு, ஆற்றோரத்து லயத்திலிருந்து றோட்டுக்கு எல்லோரும் ஒரு தரம் நடந்து பார்ப்போம். மழை பெய்தாலும் நடப்போம், அப்போதுதான் சரியான நேரம் தெரியும். டோர்ச் உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். வழுக்கிற ஏழாவது படிக்குக் கல் வைக்க இரண்டு பேர் முன்கூட்டியே வந்தால் உதவியாக இருக்கும். அந்த அம்மாயி மறுபடியும் நடக்கத் தயார் என்கிறார், ஆனால் இந்த முறை கடிகாரத்தை அவர்தான் பிடிப்பாராம்.